கியர்க்கோலைக் குறுக்குதல்

தூத்துக்குடியினின்று திருச்செந்தூருக்கு வரும் பெருவழியில் மாலை வேளையிற் பிரயாணஞ் செய்வோர், முக்காணிப் பாலத்தைக் கடந்து, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் ஓரமாக வந்து, ஆறுமுகநேரி உப்பளங்களின் திறந்த வெளியை அடையுங்கால், சிறு கார் ஒன்று பின்னேயிருந்து உறுமிக்கொண்டு வந்து, எதிரே இடம் கண்ட கணத்திலே கியர் மாற்றி, நம்மை முந்திக் கண்ணுக்கு மறைவதைப் பலகாற் கண்டிருப்பர். அதனை ஓட்டுவோன் பெரும்பாலும் வாலிபனாயிருப்பான். அவனைக் கண்டு பெரியோர் முகஞ் சுளிப்பதும் உண்டு. யான் அவ்வாறு சுளிப்பதில்லை. ஏனெனில் அவ்வாலிபருள் ஒருவன் என் தமக்கையின் மகன்.

அவன் தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த ஒரு வணிக நிலையத்தில் உத்தியோகம் பார்ப்பவன். நாள்தோறும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் போய், அவ்வளவும் திரும்பி வருபவன். கடன் வாங்கி, பிறர் ஓட்டிய வேகக்கார் ஒன்றை விலைக்குக் கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு காகிதப் பெட்டியைக் கொணர்ந்து என் முன் வைத்து, “மாமா, இது ஷார்ட் ஷிப்டர். கியர் லீவருக்குப் பதிலாக இதைப் போட்டால் கையசைவு பாதியாகும். கார் பறக்கும்” என்றான். பெட்டியினுள் நன்கு கடைந்து மெருகிட்ட ஓர் எஃகுக் கோலும், நீல வர்ணம் பூசிய ஓர் அலுமினியத் தாங்கியும், சில திருகாணிகளும் இருந்தன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. பௌதிகம் பயின்றவனாகிய யான் அன்று அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல், அழகாயிருக்கின்றது என்று மட்டும் சொல்லிவிட்டேன். அன்று சொல்லாததனை ஈண்டு எழுதுகின்றேன்.

கியர்க்கோலைக் குறுக்குதல் தகுமா என்பதே வினா. என் அபிப்பிராயம் இது: தகும், ஆனால் அது வண்டியின் வேகத்திற்காக அன்று, ஓட்டுவோன் கையின் இன்பத்திற்காகவே தகும். அதுவும் வண்டியிலுள்ள பழைய தளர்ச்சியை நீக்கிய பின்னரே தகும். காற்பங்கு குறைத்தல் சாலும். பாதியாகக் குறைத்தல் நம் சாலைகளுக்கும் நம் கைகளுக்கும் ஏலாது.

கியர்க்கோல் என்பது ஒரு நெம்புகோல் அன்றி வேறன்று. பம்பு பரவுமுன் நம் நாட்டுக் கிணறுகளில் ஆடிய ஏற்றமும், சந்தையில் மீனும் புளியும் நிறுத்த வெள்ளிக்கோலும் எவ்விதிக்குக் கட்டுப்பட்டனவோ, அவ்விதிக்கே இதுவும் கட்டுப்பட்டது. கோலின் மேல்முனையிற் கைப்பிடிக் குமிழ் இருக்கின்றது; நடுவே ஓரிடத்தில் ஒரு குண்டின்மேல் அது தாங்கப்பட்டிருக்கின்றது; அடிமுனை கியர்ப்பெட்டிக்குச் செல்லும் தண்டையோ கேபிளையோ தள்ளவும் இழுக்கவும் செய்கின்றது. தாங்குமிடத்திற்கு மேலே 240 மில்லிமீட்டரும் கீழே 60 மில்லிமீட்டரும் நீளமுள்ள ஒரு கோலைக் கருதுக. மேற்பகுதி கீழ்ப்பகுதியைப்போல் நான்கு மடங்கு. ஆகவே அடிமுனை 15 மில்லிமீட்டர் நகரவேண்டுமாயின் குமிழ் 60 மில்லிமீட்டர் நகரவேண்டும். கையானது 5 கிலோகிராம் எடையளவு தள்ளினால் அடிமுனையில் 20 கிலோகிராம் எடையளவு வலிமை பிறக்கும்.

இப்போது தாங்குமிடத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்துவோமாக. மேலே 225, கீழே 75, மடங்கு மூன்றாயிற்று. குமிழ் நகரவேண்டிய தூரம் 60 மில்லிமீட்டரினின்று 45 ஆகக் குறைந்தது, காற்பங்கு இலாபம். ஆனால் அடிமுனையில் அதே 20 கிலோகிராம் வலிமை வேண்டுமாயின் கை இனி 5 அன்று, ஏறக்குறைய 6.7 கிலோகிராம் அளவு தள்ளவேண்டும். மூன்றிலொரு பங்கு அதிகச் செலவு. இனித் தாங்குமிடத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்துக. மேலே 200, கீழே 100, மடங்கு இரண்டு. தூரம் பாதியாயிற்று, வலிமை இருமடங்காயிற்று. என் மருமகன் கொணர்ந்த பெட்டியில் இருந்தது இவ்விரண்டாவது வகை. அப்பெட்டியின்மேல் தூரம் பாதியாகும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வலிமை இருமடங்காகும் என்பதைச் சிறிய எழுத்திலும் அச்சிடவில்லை.

சிலர் கோலை மாற்றாமல், இருக்கிற கோலின் மேற்பகுதியையே அறுத்துக் குறுக்கி, அதன்மேல் மரை வெட்டிக் குமிழைத் திருகுகின்றனர். செலவு குறைவு. 240 மில்லிமீட்டரை 180 ஆக அறுத்தால் மடங்கு மூன்றாகும். தூரமும் வலிமையும் முன் கூறியவாறே மாறும். ஆயினும் குமிழ் தாழ்ந்துபோவதால், சக்கரத்தினின்று கையை எடுத்துக் குமிழைத் தேடும் தூரம் அதிகரிக்கின்றது. கியர் மாற்றுந் தூரத்தில் மிச்சப்படுத்தியதைக் குமிழைத் தேடுந் தூரத்தில் இழப்பது என்ன சிக்கனமோ அறியேன். அன்றியும் அறுத்த கோலைத் திரும்ப ஒட்டவியலாது. மாற்றுக்கோலையோ வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

இக்காலத்து முன்சக்கர இயக்க வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கோலுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. ஒன்று முன்பின் அசைவிற்கும் மற்றொன்று பக்க அசைவிற்கும் உரியன. அத்தகைய வண்டிகளில் கோலின் அடியிலன்றிக் கியர்ப்பெட்டியின் மேலுள்ள சிறு கையை மாற்றியும் தூரத்தைக் குறைப்பதுண்டு. முன்பின் அசைவை மட்டும் குறைத்துப் பக்க அசைவை முன்போலவே விட்டுவிடுஞ் சாமான்களும் கடைகளில் உள்ளன. அவற்றைப் பொருத்தினால், முன்னும் பின்னும் குறுகியும் பக்கத்தில் அகன்றும் அசைவு கோணலாய்விடும். மூன்றாவதை நாடிய கை முதலாவதிற் சென்று முட்டும். வாங்குமுன் இதனை வினவுக.

நிற்க. தூரம் குறைந்தால் காலம் குறையாதோ என்று கேட்பார் உளர். குறையும், எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாவது கியரினின்று மூன்றாவதற்குச் செல்லக் குமிழ் 120 மில்லிமீட்டர் நகர்வதாகக் கொள்க. காற்பங்கு குறைத்தால் 90. மிச்சம் 30 மில்லிமீட்டர். கை ஒரு நொடியில் ஒரு மீட்டர் வேகத்தில் நகருமாயின், மிச்சமாகுங் காலம் ஒரு நொடியின் நூறிலே மூன்று பங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி அப்பொழுதிற் கடக்குந் தூரம் அரை மீட்டர். அதாவது திருச்செந்தூர் போய்ச் சேருகையில், ஒரு முறை கியர் மாற்றியதால் ஒரு முழத்திற்குச் சற்று அதிகமாக முந்தியிருப்போம். பந்தயக் களத்தில் ஒரு சுற்றுக்கு இருபது முப்பது தடவை மாற்றுவோனுக்கு இதனாற் பயன் உண்டு. காயல்பட்டினத்துக் கடைத்தெருவிலே மாட்டுக்கும் ஆட்டோவிற்கும் வழிவிட்டு நிற்பவனுக்கு என்ன பயன்?

அந்த நூறிலே மூன்று பங்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதே உண்மை. கியர் மாறுவதற்குரிய காலத்தை நிருணயிப்பது கையன்று. பெட்டிக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையமே. 1928ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டியில் முதன்முதல் வந்த இவ்வேற்பாடு, அதற்கு முன் ஓட்டுநரை வருத்திய பற்களின் கரகரப்பை நீக்கியது. அதன் தொழில் எளிது. ஒரு வேகத்திற் சுழலும் பற்சக்கரத்தை வேறொரு வேகத்திற் சுழலுந் தண்டோடு இணைக்குமுன், கூம்பு வடிவான ஒரு பித்தளை வளையம் அதன்மேல் அழுந்தி உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகின்றது. சமமாகும்வரை உள்ளே செல்லாவண்ணம் அவ்வளையமே வாயிலை அடைத்து நிற்கின்றது, சமமானவுடன் வழிவிடுகின்றது. எவ்வளவு வலிமையாக அழுத்துகின்றோமோ அவ்வளவு விரைவிற் சமமாகும். இங்கேதான் குறுகிய கோலின் முரண்பாடு விளங்குகின்றது. கோல் குறுகக் குறுக, அதே கைவலிமைக்கு வளையத்தின்மேல் விழும் அழுத்தம் குறைகின்றது. ஆகவே வளையம் வேகத்தைச் சமமாக்க அதிக நேரம் கொள்கின்றது. கையோ வாயிலுக்கு முன்னரே வந்து நிற்கின்றது. வந்த கை பொறுத்திருக்குமா? பொறாது; மோதும். மோதி மோதிப் பித்தளை தேய்கின்றது. கோல் தானாக வளையத்தைக் கெடுப்பதில்லை. கோலை நம்பிய கையின் அவசரமே கெடுக்கின்றது. இதனை அறிந்து பொறுமையாய்த் தள்ளுவோனுக்குக் குறுகிய கோலால் யாதொரு தீங்குமில்லை.

என் மருமகன் பொறுமையுடையோன் அல்லன். அக்கோலை அவன் தூத்துக்குடியில் ஒரு பட்டறையிற் கொடுத்துப் பொருத்திக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்ததென்று பெருமையாகச் சொன்னான். கேபிள்களை நடுநிலையில் நிறுத்திச் சரிபார்க்கும் வேலை அந்த ஒரு மணி நேரத்தில் நடைபெறவில்லை என்பது பின்னரே தெரிந்தது. ஆறு மாதம் கழித்து, தைப்பூசத்திற்கு முன்னாள் மாலை, ஆறுமுகநேரிக்கு அருகே ஓர் உப்பு லாரியை முந்துவதற்காக மூன்றாவது கியரில் முழுவேகமாய் அழுத்தினான். கியர் தானாகக் கழன்று நடுநிலைக்கு வந்துவிட்டது. இயந்திரம் அலறிற்று, வண்டி வேகம் இழந்தது. வலப்பக்கத்தில் எதிரே ஒரு பேருந்து, இடப்பக்கத்தில் லாரி, லாரிக்கப்பால் சாலையோரமாகப் பச்சையுடுத்து நடந்து செல்லும் யாத்திரைக் கூட்டம், அதிற் குழந்தைகளும் இருந்தனர். பேருந்து ஓட்டுநர் வேகத்தைத் தணித்து மண்ணில் இறக்கிக்கொண்டதால் ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. அந்த ஓட்டுநரின் முகத்தையேனும் பெயரையேனும் நாங்கள் அறியோம்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது மூன்றாவது கியரின் பற்கள் முனை மழுங்கியிருந்தன. சிங்க்ரோ வளையம் தேய்ந்திருந்தது. மெக்கானிக்குகள் ஃபோர்க் என்னும் கவையும் ஒரு பக்கம் உராய்ந்து மினுமினுத்தது. கேபிள் சற்றுக் குறைவாக இழுத்தமையால், பற்கள் முழுமையும் கோவாமல் நுனியளவே கோத்து, ஆறு மாதம் சுமை தாங்கியிருக்கின்றன. பழுது பார்க்க அவனுடைய நான்கு மாதச் சம்பளம் போயிற்று. என் தமக்கை ஒரு வாரம் அவனோடும் என்னோடும் பேசவில்லை. பெட்டியைத் திறந்த அன்றே வாய் திறவாத குற்றம் என்னுடையதாதலின், அவள் செய்தது நியாயமே.

கோலை மாற்றும் ஆசை இத்தலைமுறைக்கு மட்டும் உரியதென்று எண்ணுதல் தவறு. 1950களின் இறுதியினின்று நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட அம்பாசிடரிலும், பின்வந்த பிரீமியர் பத்மினியிலும், கியர்க்கோல் ஓட்டுஞ் சக்கரத்தின் கழுத்திலே இருந்தது. அங்கிருந்து பல தண்டுகளும் மூட்டுகளும் வழியாகக் கியர்ப்பெட்டியை அடையவேண்டும். மூட்டுகள் தேய்ந்தபின், எந்தக் கியர் எங்கே உள்ளது என்பது ஓட்டுநருக்கும் அவ்வண்டிக்கும் இடையேயுள்ள இரகசியம். கியர் சிக்கிக்கொள்ள, ஓட்டுநர் நடுச்சாலையில் இறங்கி, முன்மூடியைத் தூக்கித் தண்டைக் கையால் தள்ளிவிட்டு மீண்டும் ஏறுவதை மூத்த வாசகர் கண்டிருப்பர். ஆகவே கழுத்துக் கோலைக் கழற்றித் தரையிற் கோல் நாட்டும் வழக்கம் பட்டறைகளிற் பரவியது. ‘புளோர் கியர்’ என்று பெயர். அதுவே நம்மவர் செய்த முதற் கோல்மாற்றம் எனலாம். பின்னர் 1990களில் இசுசு இயந்திரத்தோடு வந்த அம்பாசிடரில் உற்பத்தியாளரே ஐந்து கியரையும் தரைக்கோலையும் வைத்தனர். அக்காலத்து மாற்றத்திற்கு ஒரு காரணம் இருந்தது: பழைய அமைப்பிற் குறை இருந்தது. இக்காலத்து மாற்றத்தில், குறை இருக்கின்றதா என்று பார்ப்பவரே அரியர்.

பந்தயக்காரரை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர்க்கும் ஒரு வார்த்தை. நம் தமிழ்நாடு மோட்டார்ப் பந்தயத்திற்குப் பெயர் பெற்றது. சோழவரத்துப் பழைய விமானத் தளத்திலும், 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைக் களத்திலும், கோயம்புத்தூரையடுத்த செட்டிபாளையத்திற் கரிவரதன் பெயரால் 2003இல் அமைந்த களத்திலும் பயின்றோர் பலர். மாருதி 800 வண்டியின் இயந்திரத்தைக் கொண்டே சிறு பந்தயக் கார் சமைத்து, எளியோர்க்கும் அக்களத்தைத் திறந்துவிட்டவர் கரிவரதன். அக்கோயம்புத்தூரிலிருந்தே நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் ஜார்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் இறங்கினார். அப்பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவரே. அவர் ஓட்டிய வண்டியிற் கியர்க்கோல் எவ்வளவு குறுகியது என்று கேட்பீராயின், கோலே இல்லை! 1989இல் ஃபெராரி அணியினர் சக்கரத்தின் பின்னே இரு சிறு தகடுகளை வைத்து விரலாற் கியர் மாற்றும் முறையைப் பந்தயத்திற்குக் கொணர்ந்து, அவ்வாண்டின் முதற் பந்தயத்திலேயே வெற்றியும் பெற்றனர். சில ஆண்டுகளில் ஏனையோரும் அம்முறையையே கைக்கொண்டனர். வேகமே குறியாயின் கோலைக் குறுக்கவேண்டாம், கோலையே விட்டொழிக்கவேண்டும். இன்று கடையில் விற்கும் இரட்டைக் கிளட்ச் வண்டி, கைதேர்ந்த ஓட்டுநனைவிட விரைவாகத் தானே மாற்றிக்கொள்கின்றது. அவ்வாறிருந்தும் ஒருவன் கோலையே விரும்புவானாயின், அவன் விரும்புவது வேகத்தையன்று; உலோகம் உலோகத்தோடு சேரும் அந்தச் சிறு ‘ணக்’ என்னும் உணர்ச்சியைக் கையில் வாங்குவதையே. அதிலே வெட்கப்படவேண்டுவது ஒன்றுமில்லை. வீணை வாசிப்போன் தந்தியின் இறுக்கத்தைத் தன் விரலுக்கேற்பத் திருத்திக்கொள்வதில்லையா? ஆனால் இன்பத்தை இன்பமென்றே சொல்லி வாங்கவேண்டும். வேகமென்று சொல்லி வாங்கினால் அளவு தெரியாமற்போகும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கியர் விகிதம் குறுகியது என்பதும் கியர்க்கோலின் அசைவு குறுகியது என்பதும் வெவ்வேறு. கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனத்தாரும் டாட்டா மோட்டார்சும் கூடி 2018இல் வெளியிட்ட டியாகோ ஜே.டி.பி. என்னுஞ் சிறு வேகக்காரில், விரைந்து முடுகும்பொருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களின் விகிதத்தைத் திருத்தினர். அது வண்டியின் ஓட்டத்தை மாற்றும். கோலின் அசைவைக் குறைப்பதோ பெட்டிக்குள் யாதொன்றையும் மாற்றாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிக் கோலை வாங்கி ஏமாந்தோரை யான் அறிவேன்.

இனி, வாங்கவே துணிந்தவன் செய்யவேண்டியது யாது? முதலில் கடைக்குப் போகாமல் தன் வண்டியிலேயே உட்காரவேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, ஒரு கியரிற் போட்டு, குமிழை இரு விரலாற் பிடித்து அசைத்துப் பார்க்க. கியருக்குள் இருக்கும்போதே குமிழ் விரலகலத்திற்கு மேல் ஆடுமாயின், குற்றம் கோலின் நீளத்தில் இல்லை. கேபிள் நுனிகளிலும் கோலின் அடியிலும் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். நம் கடற்கரையில் இது எல்லோர்க்கும் நேர்வது. உப்புக்காற்று கேபிள் நுனியின் குண்டுகளைத் துருவேற்ற, துரு புஷ்ஷை அரத்தைப்போல் அராவுகின்றது. கியர் கடினமாக விழுமாயின் கிளட்சைப் பார்க்க. பின்னோக்கு கியர் போடுகையிற் கரகரக்குமாயின் கிளட்ச் முழுமையும் விடுபடவில்லை என்பது பொருள். கியர் எண்ணெயை வண்டிப் புத்தகத்திற் குறித்த வகையாகவே மாற்றுக. இம்மூன்றையும் செய்தபின் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால், வாங்க விரும்பிய கோலின் ஆசை பாதிப்பேர்க்கு அடங்கிவிடும் என்பது என் எண்ணம். அடங்காதவரே மேலே செல்லத்தக்கவர்.

கோல் தெரிவதிற் பளபளப்பைப் பாராது குண்டும் அதன் தாங்கியும் எவ்வாறு கடையப்பட்டுள்ளன என்று பார்க்க. வர்ணம் பூசிய இரும்பு நம் ஊரில் ஒரு மழைக்காலந் தாங்காது. துருப்பிடியா எஃகோ நாகமுலாம் பூசியதோ வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக உலோகப் புஷ் தருவோர் உண்டு. அதனால் ஆட்டம் முற்றும் அற்றுப்போகும், ஆனால் இயந்திரத்தின் நடுக்கமும் ஒலியும் தடையின்றி உள்ளே வரும். கெட்டியான பாலியூரித்தேன் புஷ் நடுத்தரமானது. கனமான குமிழ் ஒன்றை வைத்தல் சிறிது உதவும். கனம் தன் ஓட்டத்தினால் கோலைத் தொடர்ந்து தள்ளும். அளவை மாற்றத்தக்க தாங்கிகளும் விற்கின்றன. இரண்டு மூன்று துளைகளுள் எதில் வேண்டுமோ அதிற் பூட்டலாம். முதன்முறை வாங்குவோனுக்கு அதுவே சிறந்தது. குறைந்த துளையிலேயே தொடங்குக.

பொருத்தும் வேலை கடினமானதன்று, பொறுமையானது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, நடுப்பெட்டியில் மின்கம்பிகள் இருக்குமாயின் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. குமிழ், தோலுறை, நடுப்பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாய் எடுக்கையில் ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்தது என்பதைக் கைப்பேசியிற் படமெடுத்து வைத்தல் நலம். கேபிளின் நுனியைத் தட்டையான கருவியால் நெம்பி எடுக்கவேண்டும். கேபிளையே பிடித்து இழுத்தால் அதன் உள்ளுறை கெடும். பழைய கோலையும் புதிய கோலையும் அருகருகே வைத்து, பின்னோக்கு கியரைத் தடுக்கும் வளையம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கின்றதா என்று நோக்குக. இது தவறுமாயின், ஐந்தாவதினின்று கீழிறக்கும்போது கை வேண்டாத வாயிலைத் தட்டும்.

பொருத்தியபின் செய்வதே வேலையின் உயிர். கியர்ப்பெட்டியையும் கோலையும் நடுநிலையில் நிறுத்தி, கேபிளின் நீளத்தைச் சரிசெய்க. பின் ஒருவர் முன்மூடியைத் திறந்து பெட்டியின்மேலுள்ள கையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் இயந்திரம் நின்றபடியே கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போடவேண்டும். அக்கை தன் எல்லையை முட்டிய பின்னரும் உள்ளே குமிழுக்குச் சிறிது இடம் மிஞ்சவேண்டும். கோல் முதலில் நடுப்பெட்டியின் விளிம்பில் முட்டுமாயின் கியர் முழுமையும் விழவில்லை. என் மருமகனுடைய வண்டியில் இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதியதாயிருக்கும். அவ்வைந்து நிமிடத்திற்கு விலை நான்கு மாதச் சம்பளம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் திருகாணிகளை மறுபடி இறுக்குக.

சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்பவர்க்கு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது, 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. கியர்க்கோலின் நீளம் பதிவுச் சான்றில் எழுதப்படும் விவரமன்று. ஆயினும் வண்டிக்கு உற்பத்தியாளர் அளித்த உத்தரவாதம் இன்னும் நடைமுறையில் இருக்குமாயின், கியர்ப்பெட்டி பழுதுறும் நாளில் அவர்கள் முதலிற் பார்ப்பது இந்தக் கோலைத்தான். பழைய கோலைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை செல்வப் பிள்ளைகளின் விளையாட்டு, கலாசாலை மலரில் இதற்கென்ன இடம் என்று எம் ஆசிரியருள் ஒருவர் கேட்டார். அவருக்கு வணக்கத்துடன் மறுமொழி கூறுகின்றேன். பௌதிக அறையில் மீட்டர் அளவுகோலைக் கத்திமுனையில் நிறுத்தி, இருபுறமும் எடை தொங்கவிட்டு, நெம்புகோல் விதியை ஆண்டுதோறும் மெய்ப்பிக்கின்றோம். விடை முன்னமே தெரிந்திருப்பதால், அளவுகள் சற்றுப் பிழைத்தாலும் அவற்றைத் திருத்தி எழுதி மதிப்பெண் பெறுகின்றோம். யானும் அவ்வாறு எழுதியவனே. கோலின் தாங்குமிடத்தைத் தன் கையால் ஒரு துளை உயர்த்தி, அம்மாலையே கியர் கனப்பதைத் தன் உள்ளங்கையில் அறிந்தவன் அவ்விதியைத் திருத்தி எழுதமாட்டான். ஆதலின் வாலிபர் வண்டியின் அடியிற் புகுந்து பார்ப்பதை யான் தடுக்கேன். பெட்டியின்மேல் அச்சிட்டதை மட்டும் படித்துப் பட்டறையிற் கொடுத்துவிட்டுப் போவதையே தடுப்பேன்.

என் மருமகன் பழைய கோலையே திரும்பப் பூட்டி, புதிய புஷ்களிட்டு ஓராண்டு ஓட்டினான். சென்ற கோடையில் ஒரு ஞாயிறு, எம் வீட்டு வேப்பமரத்தடியில், அவனும் யானுமாகக் காற்பங்கு குறைக்கும் கோல் ஒன்றைப் பொருத்தினோம். ஒரு மணி நேரத்தில் அன்று. காலையிற் தொடங்கி, மதியச் சோற்றுக்கு எழுந்து, மாலை விளக்கேற்றும்வரை ஆயிற்று. என் தமக்கை காப்பி கொண்டுவந்து வைத்து, முன்மூடிக்குள் எட்டிப் பார்த்து, “முழுசா விழுதாடா?” என்று கேட்டாள். அவன் ஐந்து கியரையும் பின்னோக்கையும் போட்டுக் காட்டினான். பாதியாகக் குறைக்கும் அந்த நீலத்தாங்கிக் கோலை வாங்குவார் எவருமில்லை. கடற்காற்றில் வாசற்கதவு அடித்துக்கொள்ளாதபடி அதனைக் கதவடியில் முட்டுக்கொடுத்து வைத்திருக்கின்றோம்.